பிளாக் காஃபி: ஊரில் பத்து வருடம், அப்புறம் உலகம்

2015-ல் ஸ்பெயினின் இபிசா தீவில் நடக்கும் டிஜே விருது விழாவில் ஒரு தென்னாப்பிரிக்கருக்கு விருது கொடுத்தார்கள். எந்தப் பிரிவில் என்றால், புதிதாகத் தலையெடுத்தவர் என்ற பிரிவில். அந்தப் 'புதியவருக்கு' அப்போது வயது 39. முதல் ஆல்பம் வெளிவந்து பத்து வருடம் ஆகியிருந்தது, பாட்டு வெளியிடும் சொந்த லேபிள் இருந்தது, டர்பனில் உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஸ்டேடியத்தில் 24 பேர் ஆர்கெஸ்ட்ராவோடு நிகழ்ச்சி நடத்தி முடித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. ஐரோப்பாவுக்கு அன்றுதான் விடிந்தது, அவ்வளவுதான் விஷயம்.

பிளாக் காஃபி என்ற பெயரில் உலகம் அறிந்த இவரின் இயற்பெயர் ந்கோசினாத்தி மபுமுலோ. சூலு மொழியில் ந்கோசினாத்தி என்றால் 'இறைவன் நம்மோடு' என்று அர்த்தம். இவர் கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாக 2022 கிராமியில் ஆரம்பிப்பார்கள், இல்லையென்றால் 2017-ல் கனடா ராப் பாடகர் டிரேக் இவர் பாட்டை எடுத்துக்கொண்டதில் ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்த வரிசையே தலைகீழாகப் படுகிறது. அவை எல்லாம் வசூல் காலம். விதைத்தது 2005-க்கும் 2015-க்கும் நடுவில், அதுவும் முழுக்க முழுக்கத் தென்னாப்பிரிக்க ரசிகர்களை நம்பி. அந்தப் பத்து வருடத்தைப் புரிந்துகொண்டால் பின்னால் நடந்ததில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அந்தப் பிப்ரவரி

பிறந்தது 1976 மார்ச் 11, டர்பனை ஒட்டிய உம்லாசியில். நிறவெறி அரசு கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய டவுன்ஷிப் அது. (அதை ஒட்டியே இருக்கிறது சாட்ஸ்வர்த். 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர், தெலுங்கர், போஜ்புரிக்காரர்களின் பேரப்பிள்ளைகளை நகரத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அதே அரசு குடிவைத்த இடம். இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்தில், ஆனால் கலந்துவிடக் கூடாது என்று திட்டம் போட்டுக் கட்டியவை.) பையன் வளர்ந்தது அங்கே இல்லை, கிழக்குக் கேப்பில் உள்ள உம்டாட்டாவில், பாட்டி வீட்டில். இன்று அந்த ஊரை ம்தாத்தா என்று எழுதுகிறார்கள். அன்று அது டிரான்ஸ்கை என்ற பொம்மை நாட்டின் தலைநகரம். டிரான்ஸ்கைக்கு நிறவெறி அரசு 'சுதந்திரம்' கொடுத்ததும் அதே 1976-ல்தான், தென்னாப்பிரிக்காவைத் தவிர எந்த நாடும் அதை ஏற்கவில்லை.

உம்டாட்டா பக்கம்தான் மண்டேலாவின் சொந்த ஊரும். அவர் வளர்ந்த குனு கிராமம் அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான். அதனால் 1990 பிப்ரவரியில், 27 வருடச் சிறைக்குப் பிறகு மண்டேலா வெளியே வருகிறார் என்றதும் நாடே தெருவில் இறங்கியது என்றால், அந்த ஊருக்கு அது வீட்டு விசேஷம் மாதிரி. பதினான்கு முடிய இன்னும் ஒரு மாதம் இருந்த அந்தப் பையனும் கூட்டத்தில் ஆடிப் பாடிக்கொண்டிருந்தான். ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. பலருக்கு அடி. பையனுக்குக் கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கற்றை சிதைந்துபோனது, இடது கை செயலிழந்தது. செயலிழந்தது என்றால், இன்றுவரை.

இதைப் பல வருடம் அவர் வெளியே சொல்லவே இல்லை. இடது கையை பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்பார், பார்க்கிறவர்கள் அதை ஸ்டைல் என்று எடுத்துக்கொண்டார்கள். கையைக் காட்டிப் பரிதாபம் வாங்கி மேலே வந்தவர் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பெரிய ஆளான பிறகுதான் பேட்டிகளில் மனம் திறந்து பேசத் தொடங்கினார்.

ஒரு கையால் எப்படி?

டிஜே வேலை தெரியாதவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று உடனே புரியாது, பட்டனை அமுக்குவதற்கு எத்தனை கை வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நண்பனின் டிஜே கன்ட்ரோலரில் ஒரு சாயங்காலம், இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளாத குறையாக, வலது கையால் மட்டும் இரண்டு பாட்டைக் கோர்க்க முயன்றேன். நான் ஏதோ தொழில்காரன் இல்லை, வீட்டு விசேஷங்களில் ஒப்பேற்றுகிற அளவுக்கு வரும்.

இரண்டு ப்ளேயர், நடுவில் மிக்ஸர். ஒன்றில் ஓடும் பாட்டைக் கூட்டம் கேட்கிறது, மற்றதில் ஓடப்போகிற பாட்டை நாம் ஹெட்போனில் மட்டும் கேட்கிறோம். இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கி, தாளத்தின் முதல் அடியும் முதல் அடியும் சரியாக ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரி ஓடவிட வேண்டும். கொஞ்சம் விலகினாலும் இரண்டு குதிரை வேறு வேறு நடையில் ஓடுகிற சத்தம் வரும். ஒரு கை வீலைத் தட்டி அந்த விலகலைச் சரிசெய்யும்போது இன்னொரு கை மிக்ஸரில் இருக்கும், இதுதான் வழக்கம். அப்புறம் பேஸ், அதாவது அடியில் அதிரும் கனத்த ஒலி, அதை மாற்றுவது. இரண்டு பாட்டின் பேஸும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே சேறு. அதனால் பழைய பாட்டின் பேஸைக் குறைக்கிற அதே நொடியில் புதியதன் பேஸை ஏற்ற வேண்டும், அதாவது இரண்டு கையும் எதிரெதிராகத் திருக வேண்டும். ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதோடு அழுத்திப் பிடிக்கவும் ஒரு கை கேட்கும்.

ஒரு கையால் செய்தபோது என்ன நடந்தது? முதலில் கந்தல். நான்காவது ஐந்தாவது முறைதான் ஒன்று பிடிபட்டது: அவசரப்படவே கூடாது. புதிய பாட்டின் பேஸை முன்கூட்டியே முழுக்க வெட்டிவைத்துவிட்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை மெல்ல ஏற்றி, இரண்டையும் நிதானமாக ஓடவிட்டு, ஒரு பல்லவி முடிகிற இடம் பார்த்துப் பழைய பேஸை வெட்டி, கையை இந்தப் பக்கம் கொண்டுவந்து புதியதைத் திறக்க வேண்டும். நடுவே ஒன்றிரண்டு அடிக்கு பேஸே இல்லாத ஒரு வெற்றிடம் விழுகிறது. முதலில் அது பிழை என்று நினைத்தேன். நண்பன்தான் சொன்னான், "டேய், அந்த கேப் நல்லா இருக்குடா."

பிளாக் காஃபி மேடையில் தொடர்ந்து வாசிக்கும் எந்த செட்டைக் கேட்டாலும், பாரிஸில் சால் வக்ராம் அரங்கத்தில் செர்க்கிள் என்ற நேரலை நிகழ்ச்சித் தொடருக்காக வாசித்தது யூடியூபில் கிடைக்கிறது, அதையே கேளுங்கள், இந்தப் பொறுமை முழுக்க இருக்கும். வித்தை காட்டுகிற வெட்டுக் குத்து கிடையாது, கையைத் தூக்கிக் கூட்டத்தை உசுப்புவது கிடையாது, முகத்தில் பெரிதாகச் சிரிப்புகூடக் கிடையாது. ஒரு பாட்டு வந்து உட்கார்ந்து, நம்மை முழுக்க வசப்படுத்தி, அடுத்தது எப்போது நுழைந்தது என்றே தெரியாமல் நுழைந்திருக்கும். கை இல்லாததால்தான் இந்தப் பாணி வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன், ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையை வாசிக்கிற, இரண்டு கையும் நன்றாக இருக்கிற டிஜேக்கள் பலரும் நீளமாகத்தான் கோர்ப்பார்கள். ஆனால் அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவர் செட்டை என்னால் முன்பு மாதிரி கேட்க முடியவில்லை.

ஹவுஸ் அங்கே சினிமாப் பாட்டு மாதிரி

இங்கேதான் கதையின் அச்சாணி. ஹவுஸ் பிறந்தது சிகாகோவில், 80-களில். அமெரிக்காவில் அது கிளப்புக்குள் இருந்த இசை, வானொலியை ஆண்ட இசை இல்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு. 80-களின் கடைசியில் சிகாகோ, நியூயார்க் ரெக்கார்டுகள் டவுன்ஷிப்களுக்குள் வந்தன. அவற்றின் வேகத்தைக் குறைத்து, மேலே சூலுவிலும் தெருமொழியிலும் பேசிப் பாடியதில் 90-களில் க்வைட்டோ பிறந்தது. நிறவெறி விழுந்த தலைமுறையின் இசை அது. க்வைட்டோ அடங்கிய பிறகும் ஹவுஸ் அடங்கவில்லை. கல்யாணத்தில், முடிவெட்டும் கடையில், பதினைந்து பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு போகிற மினிபஸ் டாக்சியில், எல்லா இடத்திலும் ஹவுஸ்தான். டிஜே தொகுத்த ஹவுஸ் சிடிக்குப் பாட்டி முதல் பேத்திவரை வாடிக்கையாளர். அப்படி ஒரு நாட்டில் டிஜே என்பவர் இரவு வேலைக்காரர் இல்லை, நட்சத்திரம்.

மபுமுலோ நேராக இதற்குள் வந்துவிடவில்லை. டர்பனில் அன்றைய டெக்னிகான் நேட்டால் கல்லூரியில் ஜாஸ் படித்தார். பிறகு இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஷானா என்று ஒரு பாட்டுக் குழு, மெல்ட் 2000 என்ற லேபிளில் பதிவும் செய்தார்கள். குழு நிலைக்கவில்லை. ஆனால் இந்தப் படிப்பையும் பாட்டையும் சும்மா தாண்டிப் போய்விட முடியாது, ஏனென்றால் இவருடைய தயாரிப்புகளில் தாளத்தைவிட எனக்கு முதலில் காதில் விழுவது கார்டுகள், அதாவது ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள். ஜாஸ் படித்தவன் வைக்கிற, கொஞ்சம் சோகம் ஒட்டிய, அவசரமில்லாத கார்டுகள். 2003-ல் கேப் டவுனில் நடந்த ரெட் புல் மியூசிக் அகாடமி என்ற இசைப் பயிற்சி முகாமுக்குத் தேர்வானது அடுத்த படி.

2005-ல் தன் பெயரையே தலைப்பாக வைத்து முதல் ஆல்பம். அதில் அவர் செய்த ஒரு காரியம் கெட்டிக்காரத்தனத்தின் உச்சம் என்று நினைக்கிறேன்: டிரம்பெட் கலைஞர் ஹியூ மசேகெலாவின் 'ஸ்டிமெலா'வை எடுத்து ரீமிக்ஸ் செய்தார். 'ஸ்டிமெலா' என்றால் ரயில். ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்களுக்கு மலாவி, ஜாம்பியா, மொசாம்பிக், லெசோத்தோ என்று சுற்று நாடுகளிலிருந்தெல்லாம் கூலிகளை அள்ளிக்கொண்டு வந்த நிலக்கரி ரயிலைப் பற்றி, நாடுகடந்து வாழ்ந்த மசேகெலா 1974-ல் பதிவு செய்த பாட்டு. தென்னாப்பிரிக்காவில் அதை அறியாத வீடு கிடையாது. அதைத் தொடுவது ஆபத்து, சொதப்பினால் ஜென்மத்துக்கும் திட்டு விழும். சொதப்பவில்லை. அப்பா தலைமுறையின் அழுகையும் பிள்ளை தலைமுறையின் ஆட்டமும் ஒரே பாட்டில் சேர்ந்துகொண்டன.

அதோடு சோலிஸ்டிக் மியூசிக் என்று சொந்த லேபிள். பாட்டின் உரிமையைப் பெரிய கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுச் சம்பளத்துக்கு வாசிப்பதில்லை என்ற முடிவு இது. கூலோ டி சாங் மாதிரி இளைய ஆட்களையும் அந்தக் கூரைக்கு அடியில் கொண்டுவந்தார். கையில் லேபிள் இருந்ததால்தான் பிற்பாடு அமெரிக்கக்காரர்கள் கதவைத் தட்டியபோது இவர் விற்கவும் மறுக்கவும் முடிகிற இடத்தில் இருந்தார்.

அடுத்தடுத்து ஆல்பங்கள் வந்தன, அவற்றை வரிசையாகச் சொல்லப் போவதில்லை. பியூசி என்ற பாடகியின் குரலில் வந்த 'சூப்பர்மேன்' மட்டும் முக்கியம், அதற்குத் திரும்ப வருவோம். 2010-ல் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சோவெட்டோவின் மபோன்யா மாலில் நிறுத்தாமல் 60 மணி நேரம் வாசித்தார், கின்னஸ் சாதனைக்காக. இரண்டரை நாள், ஒரு கை. இதில் என்னைக் கவர்ந்தது நேரக் கணக்கு அல்ல, இடம். கிளப் இல்லை, மால். காய்கறி வாங்க வந்த அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை எல்லாரும் போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற இடம். 2011-ல் டர்பன் மோசஸ் மபிடா ஸ்டேடியத்தில் ஆர்கெஸ்ட்ரா நிகழ்ச்சி. பிறந்த ஊருக்கே திரும்பி வந்து நடத்தியது.

வெளியே

2015-ல் 'பீஸஸ் ஆஃப் மீ' ஆல்பம், அதே வருடம்தான் ஆரம்பத்தில் சொன்ன விருது. 2016-ல் அமெரிக்காவின் பெட் (BET) தொலைக்காட்சி விருது, ஆப்பிரிக்கப் பிரிவில். 2017-ல் இபிசாவில் பழைய ஸ்பேஸ் கிளப் இருந்த இடத்தில் ஹாய் இபிசா திறந்தபோது சனிக்கிழமைகளை இவரிடம் கொடுத்தார்கள். டிஜே உலகத்தில் இபிசா சனிக்கிழமை கிடைப்பது பெரிய கௌரவம்.

அதே 2017 மார்ச்சில் டிரேக்கின் 'மோர் லைஃப்' தொகுப்பு வந்தது. அதில் 'கெட் இட் டுகெதர்' என்ற பாட்டைக் கேட்ட தென்னாப்பிரிக்கர்கள் முதல் சில நொடியிலேயே துள்ளி எழுந்திருப்பார்கள், அது 'சூப்பர்மேன்' அல்லவா! அதே துடிப்பு, அதே உருவம், மேலே டிரேக்கும் ஜோர்ஜா ஸ்மித்தும். பிளாக் காஃபியின் பெயர் பாட்டின் தலைப்போடு சேர்ந்தே இருந்தது, கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்தார்கள். ஆனால் பியூசியின் குரல் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். ஜோர்ஜா ஸ்மித் அருமையான பாடகி, அதில் சந்தேகமில்லை, ஆனாலும் பியூசி பாடும்போது அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது என்று தெரியும். தாளம் கடல் தாண்டியது, குரல் கரையிலேயே நின்றுவிட்டது. வெளிநாட்டுக்குப் போகும் ஆப்பிரிக்க இசையில் இது அடிக்கடி நடக்கிறது, யார்மேலும் வழக்குப் போட முடியாத ஒரு சின்ன அநியாயம்.

எல்லாம் வெற்றி என்றும் சொல்ல முடியாது. 2017-ல் காங்பாக்ஸ் என்று ஒரு ஸ்ட்ரீமிங் செயலியைத் தொடங்கினார், கலைஞனே தன் பாட்டை நேராக விற்கலாம் என்ற யோசனை நல்லதுதான், ஆனால் பெரிய செயலிகளுக்கு முன்னால் அது நிற்கவில்லை. 2018-ல் டெல் அவீவில் போய் வாசித்தது ஊரில் பெரிய கொதிப்பைக் கிளப்பியது. நிறவெறிக்கு எதிராக உலகமே கலாசாரப் புறக்கணிப்பு நடத்திய நாட்டில் பிறந்த கலைஞன், பாலஸ்தீனர்கள் அதே மாதிரி புறக்கணிப்பைக் கேட்கும்போது அங்கே போகலாமா என்பது கேள்வி. தன் தொழிலைச் செய்ய தனக்கு உரிமை உண்டு என்பது அவர் நிலை. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மண்டேலா விடுதலையைக் கொண்டாடப் போய்க் கையை இழந்தவரிடம் நான் கொஞ்சம் கூடுதலாகவே எதிர்பார்த்தேன், அது என் குறையாகவும் இருக்கலாம்.

கிராமி

2021 பிப்ரவரியில் 'சப்கான்ஷியஸ்லி' ஆல்பம். ஃபாரெல் வில்லியம்ஸ், அஷர், டேவிட் கெட்டா, டிப்ளோ என்று பெயர்ப் பட்டியலே மேளதாளத்தோடு வருகிறது. 2022 ஏப்ரல் 3, லாஸ் வேகாஸ், சிறந்த நடன/மின்னணு இசை ஆல்பத்துக்கான கிராமி. மகனோடு மேடையேறி வாங்கிக்கொண்டார்.

இதில் இரண்டு விஷயம். முதலாவது, பிரிவு. மிரியம் மகேபா தொடங்கி லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ, சோவெட்டோ காஸ்பல் கொயர் என்று தென்னாப்பிரிக்கர்கள் முன்பே கிராமி வாங்கியிருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் நாட்டார் இசை, உலக இசை என்று தனியாகக் கோடு போட்டு ஒதுக்கிய பிரிவுகளில். இவர் வாங்கியது மார்ஷ்மெல்லோ, மேஜர் லேசர் மாதிரி உலகம் அறிந்த மின்னணு நடன இசைப் பெயர்கள் போட்டியிட்ட பிரிவில். அதே பட்டியலில் இன்னொரு பெயரும் இருந்தது, டென் சிட்டி. 80-களில் சிகாகோவில் ஹவுஸுக்குப் பாடும் குரல் கொடுத்த குழு. அவர்கள் ரெக்கார்டு மாதிரியானவை கடல் தாண்டி வந்துதான் சோவெட்டோவும் உம்லாசியும் ஹவுஸ் கற்றுக்கொண்டன. முப்பது வருடம் கழித்து வாத்தியாரும் மாணவனும் ஒரே பட்டியலில் நிற்க, மாணவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறான். இதைப் பற்றி அன்று யாரும் பெரிதாகப் பேசாதது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

இரண்டாவது கொஞ்சம் கசப்பானது. 'சப்கான்ஷியஸ்லி' அவருடைய நல்ல ஆல்பம் இல்லை. மோசம் என்று சொல்லவில்லை, ம்சாகி என்ற பாடகி பாடிய 'விஷ் யூ வேர் ஹியர்' அதில்தான் இருக்கிறது, ராத்திரி பஸ்ஸில் கேட்டால் இறங்கவேண்டிய ஸ்டாப்பைத் தவறவிடுவீர்கள். ஆனால் பல பாட்டுகள் வேகம் குறைந்து, ஓரங்கள் மழுங்கி, எந்த நாட்டு வானொலியிலும் உறுத்தாமல் ஓடுகிற பாப் ஆகிவிட்டன. 'ஹோம் ப்ரூட்' என்ற பழைய ஆல்பத்தின் காலத்து மனிதர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. விருதுகள் இப்படித்தான், செய்தபோது கொடுக்காமல் வேறு ஒன்றுக்குக் கொடுத்துக் கணக்கைத் தீர்ப்பார்கள்.

அவர் அந்த ஆல்பத்தில் மெதுவாகிக்கொண்டிருந்தபோது ஊரில் இளசுகள் வேறு பக்கம் போய்விட்டிருந்தார்கள். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா சுற்று டவுன்ஷிப்களிலிருந்து அமாபியானோ என்ற புது இசை கிளம்பி, லாக் டிரம் என்ற அந்த உருண்டு விழும் பேஸ் ஒலியோடு நாட்டையே பிடித்தது. 2024-ல் கிராமி ஆப்பிரிக்க இசைக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் விருது தென்னாப்பிரிக்கப் பாடகி டைலாவுக்குப் போனது, அமாபியானோ வாசம் வீசும் 'வாட்டர்' பாட்டுக்கு. இன்னொரு பக்கம் ஆஃப்ரோ ஹவுஸ் என்ற பெயரில் ஐரோப்பிய டிஜேக்கள் கடற்கரைதோறும் கொடிகட்டிப் பறக்கிறார்கள். பத்து வருடம் முன்னால் இபிசாவில் இந்த இசைக்கு வழி வெட்டியவர்களில் பிளாக் காஃபிதான் முதல் வரிசை, இப்போது அந்த வழியில் நெரிசல்.

2023 அக்டோபர் 7-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தனி நிகழ்ச்சி. 2024 ஜனவரியில் அர்ஜென்டினாவில் மார் டெல் பிளாட்டாவுக்குப் போகும் விமானத்தில் மோசமாக அடிபட்டார். செய்தி வந்த அன்று ரசிகர்கள் கேட்ட முதல் கேள்வி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: எந்தப் பக்கம் அடி? சில வாரங்களில் மேடைக்குத் திரும்பினார். அந்தக் கோடையில் இபிசாவில் சனிக்கிழமைகள் வழக்கம்போல நடந்தன.